மூலம் தேடிய படலம்

ஜனவரி 4, ஞாயிறு

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த நாட்குறிப்பு. அட்டையில் யூரியா மூட்டை. இத்தனை பெரிய சரித்திரத்தை எழுத இந்த அட்டைதானா கிடைத்தது என்று கொஞ்சம் வருத்தம்தான்.

பின்னால் வரும் தலைமுறைகள் குழம்பிவிடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சேவுகப்பெருமாள். ‘இடிமுழக்கம் ஒலி ஒளி அமைப்பு’ நிறுவனத்தின் அதிபர், அறிவிப்பாளர், வயர் சுருட்டுகிறவர் எல்லாம் நானே. நான் மைக்கைப் பிடித்து ‘வருக’ என்றால் மானாமதுரை ரயிலில் போகிறவன்கூட இறங்கிவிடுவான்.

அரசர்களுக்கு ஆயிரம் உபாதைகள் இருக்கும். எனக்கு ஒன்றுதான். மூலம். ஊருக்குத் தெரியாது. விழாக்களில் மணிக்கணக்காக நின்றுகொண்டே பேசுவதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் எரிமலையின் வாயில் சிம்மாசனம் போட்ட கதை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, பாதி காற்றடித்த சைக்கிள் டியூபின் மேல் அமர்ந்து இதை எழுதுகிறேன்.

இதற்கு நத்தைக் கறி நல்லது என்பார்கள். கண்மாய் இந்த வருஷம் நிரம்பி மறுகால் போனது. தாமரைத் தண்டெல்லாம் நத்தை. ஆனால் நான் இறங்கி நத்தை பொறுக்கினால், யாருக்கு, எதற்கு என்று கரையில் நிற்பவன் கேட்பான். ஒரு சிறுமி முங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்?

அவள் பெயர் அங்கயற்கண்ணி. பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா வள்ளிமயிலின் ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. வீட்டில் கயல். அவள் அப்பா, என் மச்சான் தவசியப்பன், சொந்த வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறவர். அவர் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்து நான் பேசுகிறேன் என்பாள் அக்கா. மச்சான் ஏதோ மூன்றெழுத்துப் பெயர் வைக்க இருந்தார். நான்தான் நாலு குழாய் கட்டி, கயல்மீன் போன்ற கண்ணுடையாள் வந்து பிறந்திருக்கிறாள் என்று அறிவித்து இந்தப் பெயரை நிலைநாட்டினேன்.

முதலில் பிள்ளை தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டு துழாவியது. “மீனு கண்ண மூடிக்கிட்டா நீந்துது? ஒம் பேருக்கு என்னடி அர்த்தம்?” என்று கேட்டேன். அதற்கப்புறம் திறந்த கண்ணோடுதான் முங்குகிறாள். ‘கண்மாய் மகாராணி’ என்று பட்டம் கொடுத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கருப்பர் மேல் சத்தியமும் வாங்கியிருக்கிறேன்.

இன்றைக்குத் தூக்குவாளி நிறைய.

ஜனவரி 8, வியாழன்

கயலுக்கு இடது கண் சிவந்திருக்கிறது. மெட்ராஸ் ஐ என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னேன். அக்கா நம்பினாள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டாயிற்று.

ஆம்ப்ளிபயர் ஒன்று புகைகிறது. காரைக்குடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

இரண்டு கண்ணுக்கும் வந்தால்தானே மெட்ராஸ் ஐ என்று அக்கா கேட்டாள். வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். கருவிழிக்குள், கீழ்ப்பக்கம், வெந்த ஜவ்வரிசி மாதிரி ஏதோ வெள்ளையாக இருக்கிறது. தூசி என்றேன். தூசி உள்ளே எப்படிப் போகும் என்று கயல் கேட்டாள். எதற்கும் மதுரைக்குப் போய்க் காட்டிவிடலாம் என்றேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மதுரையில் கண் ஆஸ்பத்திரி. மச்சானுக்கு வேன் சவாரி இருந்ததால் அக்கா, கயல், நான் மூவரும் பஸ்ஸில் போனோம். பயந்தால் அக்காவுக்குப் பேச்சு வராது. வாய் வேலைக்கு என்னை அழைத்துப் போனாள்.

டாக்டர் பெயர் பெனடிக்டா. மெல்லிய குரல், என் ஊரில் அந்தக் குரலுக்கு ஒரு வாடகைக்கும் மைக் கொடுக்க மாட்டேன். பிள்ளையின் தாடையை மிஷினில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கருவிழிக்குப் பின்னால் நீர் நிற்கிற இடத்தில் சின்னக் கட்டி ஒன்று இருக்கிறது என்றார். பிறகு கேட்டார், “குளம், கண்மாய்னு எங்கயாவது குளிப்பாளா?”

அக்கா வாயைத் திறக்கும் முன் நான் திறந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் குளியலறையை வர்ணித்தேன். சிமென்ட் தரை பளிங்காகிவிட்டது. பிள்ளை கண்மாய்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்று முடித்தேன்.

டாக்டர் கயலைக் கேட்டார். கயல் என்னைப் பார்த்தாள், அந்தச் சிவந்த கண்ணோடு. “பைப்புலதான் குளிப்பேன்” என்றாள். குரலில் ஒரு நடுக்கமில்லை. டாக்டர் அதையே எழுதிக்கொண்டார்.

என்ன தேர்ச்சி, பெருமையாக இருந்தது என்று எழுத வந்தேன். அப்படி இருக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நாலு இடத்தில் மைக். இரண்டாவது இடத்தில் தொண்டை கட்டிக்கொண்டது.

ஜனவரி 20, செவ்வாய்

மறுபடி ஆஸ்பத்திரி. காசநோய்க்காகக் கையில் குத்திப் பார்த்த ஊசி, நெஞ்சுப் படம், எதிலும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லையாம். சொட்டு மருந்தில் சிவப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, கட்டி குறையவில்லை. குளத்துத் தண்ணீர் இல்லை என்று நாங்கள் சொல்வதால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது என்றார் டாக்டர். காசநோயாக இருந்தால் மாதக்கணக்கில் மாத்திரை. நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். எந்தக் கிருமியானாலும் ஒரே மாதிரி எல்லாருக்கும் செய்வதில்லை. உடம்பு அதை எதிர்க்கிற விதம் ஆளுக்கு ஆள் மாறும். அதில் பிறவியிலேயே வருகிற கூறு ஏதாவது இருக்குமா என்று இவர்கள் ஆராய்கிறார்களாம். பெற்றோர் ரத்தம் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றார். சொந்தத்தில் கட்டினதா என்று கேட்டார். அத்தை மகன்தான் என்றாள் அக்கா. அவள் ரத்தம் கொடுத்தாள். மச்சானும் வந்து கொடுக்கட்டும், தாய்மாமனும் தரலாம் என்றார் டாக்டர். சிங்கத்தின் ரத்தம் ஊசிக்கு வராது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். ரத்தத்தில் நத்தை தெரியுமோ என்னவோ.

டாக்டர் சொன்னதில் ‘இருக்குமா’, ‘ஆராய்கிறோம்’ எல்லாம் எனக்குப் பஸ்ஸிலேயே மறந்துவிட்டன. பிறவிக் கூறு மட்டும் மிஞ்சியது. ஊர் எல்லை வருவதற்குள் அது பரம்பரையாக வளர்ந்திருந்தது. மைக்குக்கு ஏற்ற சொல்.

ஜனவரி 22, வியாழன்

இருளப்பன் டீக்கடை. பிள்ளைக்கு என்ன என்று கேட்டார்கள். பரம்பரை என்றேன். எந்தப் பரம்பரை என்றார்கள். நான் வெறுமனே, தவசி மச்சானின் அப்பாவுக்கு ஒரு கண் கிடையாதே என்று நினைவுபடுத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். அந்தக் கண் பனங்கருக்குக் கிழித்துப் போனது என்பதை நினைவுபடுத்தவில்லை.

இருளப்பன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “தவசி ஆத்தா ஒங்கப்பாவோட கூடப் பொறந்தவதானய்யா. ரெண்டு பக்கமும் ஒரே ரத்தம். இதுல யார் பரம்பரைய யாருக்கு ஏத்திவிடுற?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எழுந்து போகும்போது ஒவ்வொருவரும் ஒற்றைக் கண்ணைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நின்றே டீ குடித்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

பள்ளியில் மச்சானின் வேனை நிறுத்திவிட்டார்கள். கண் சரியில்லாத வம்சமாமே, பிள்ளைகளை நம்பி எப்படி ஏற்றுவது என்று இரண்டு தாய்மார்கள் கேட்டார்களாம். கண் நன்றாக இருப்பதாகச் சான்றிதழ் கொண்டுவரும்வரை வேறு வண்டி.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு மறு கண்ணை. நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் சரியாகத்தான் படித்தார். திரும்பி என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

“மாப்ள, டாக்டரு என் வழின்னுதான் சொன்னாகளா?”

ஆராய்ச்சி நடக்கிறது மச்சான் என்றேன்.

அவர் தலையாட்டினார். இப்போதெல்லாம் பிள்ளையை நேருக்கு நேர் பார்ப்பதில்லை என்றாள் அக்கா. பிள்ளை தூங்கின பிறகு போய்ப் போர்வையை இழுத்துவிடுகிறாராம்.

டியூபில் காற்று இறங்கிவிட்டது. பஞ்சர் ஒட்ட வேண்டும்.

ஜனவரி 30, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 31, சனி

பின்வாசலில் யாரோ தட்டினார்கள். கயல். தலைமுடி சொட்டுகிறது. பாவாடை ஈரம். கையில் என்னுடைய தூக்குவாளி.

“மாமா, ஆறுதான் கெடச்சுச்சு. ஒத்தக் கண்ணுல சரியாத் தெரியல.”

யார் உன்னைப் போகச் சொன்னது என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன், குரல் வந்ததா என்று தெரியாது. நான் டீக்கடையில் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்தாளாம். மாமாவுக்கு வலி கூடிவிட்டது என்று அவளே முடிவு பண்ணி, நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, கெட்ட கண்ணைத் திறந்து முங்கியிருக்கிறாள். ஏன் அப்படி என்றேன். நல்ல கண்ணும் கெட்டுவிட்டால் பள்ளிக்கூடம் போக முடியாதே என்றாள். யோசித்துச் செய்திருக்கிறாள்.

துண்டை எடுத்துத் துவட்டினேன். அவள் துவட்டலுக்கு நடுவிலிருந்து, “சத்தியத்த மீறல மாமா, ஒருத்தரும் பாக்கல” என்றாள்.

ஆறு நத்தையும் வாளிக்குள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன. நான் செத்துவிடலாம் போல இருந்தது என்று எழுதினால் அதுவும் என் வழக்கமான அளப்பு ஆகிவிடும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

மச்சானின் வேனிலேயே நால்வரும் போனோம். அவருக்குத்தான் இப்போது சவாரி இல்லையே. வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஆயிரம் பேருக்கு முன்னால் பேசியவனுக்கு ஒரு வரி அமையவில்லை.

கட்டி பெரிதாகியிருக்கிறது என்றார் டாக்டர். கருவிழி மங்க ஆரம்பித்திருக்கிறது. நாளைக்கே காசநோய் மாத்திரை தொடங்கிவிடலாம் என்று எழுதப் போனார். நோயின் மூலம் தெரியாமல் மருந்து கொடுப்பது தனக்கும் பிடிக்கவில்லை என்றார்.

“மூலம் தெரியும், டாக்டர்” என்றேன். காற்றுதான் வந்தது.

“என்ன சொன்னீங்க?”

“மூலம்... எனக்கு.”

“மூலமா? அது இங்க பார்க்கிறதில்லையே. எதிர்ல பொது ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போங்க.”

இல்லை டாக்டர் என்று ஆரம்பித்தேன். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். என்னிடம் இதுவரை யாரும் கேட்காத கோரிக்கை. சத்தமாகச் சொன்னேன். எனக்கு மெல்லிய சத்தமும் கிடையாது, நடுச் சத்தமும் கிடையாது, ஒரே சத்தம்தான். கதவு திறந்திருந்தது. எனக்கு மூலம் என்பதும், அதற்கு நத்தை என்பதும், பிள்ளையைக் கண்மாயில் முங்கவிட்டது நான் என்பதும், கண்ணைத் திறக்கச் சொன்னதும் நான் என்பதும், பொய் சொல்லவைத்ததும் நான் என்பதும் வெளியே வரிசையில் சொட்டு மருந்துக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரு பெரியவர் கண்ணில் கட்டோடு எட்டிப்பார்த்தார்.

கயல் மட்டும், “நீயே சத்தியத்த மீறிட்ட” என்றாள்.

டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியைப் பிள்ளையின் பக்கம் திருப்பிக்கொண்டு விளக்கினார். நத்தையின் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் தண்ணீரில் இறங்குகின்றன. மனிதக் கண் அவை வாழ ஏற்ற இடமில்லை. வந்த புழு செத்துப்போகிறது. அத்தோடு விட்டிருக்கலாம். உடம்பு விடுவதில்லை.

“புழு செஞ்சதவிட ஒடம்பு செஞ்சதுதான் இதுல அதிகம். தூசி மாதிரி ஒரு துணுக்கு. அதைச் சுத்தி இவ்ளோ பெரிய கட்டி கட்டியிருக்கு. சில ஒடம்பு அப்படித்தான், சின்ன விஷயத்தை ரொம்பப் பெருசாக்கிடும்.”

முப்பது வருஷமாக அதே கண்மாயில் முங்கிய எனக்கு ஏன் வரவில்லை, கூட விளையாடுகிற பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அது இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது, பிறவிக் கூறாக இருக்கலாம், அதற்குத்தான் ரத்தம் கேட்டோம் என்றார்.

அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “சின்னதப் பெருசாக்குற ரத்தம்னா எங்க போய்த் தேடணும். மாமன் இந்தா நிக்கிறான்ல.”

மச்சான் முதல் தடவையாகப் பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பத்து வயதுப் பிள்ளை, கால் தரையில் இழுபடுகிறது.

நான் ரத்தம் கொடுத்தேன். சிங்கத்தின் ரத்தம் சாதாரணமாகத்தான் வந்தது.

பிப்ரவரி 4, புதன்

கட்டியை எடுத்துவிட்டார்கள். டாக்டர் ஒரு சிறு குப்பியில் காட்டினார். உளுந்தில் பாதிகூட இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஊரில் ஒரு வீட்டுக் காதுகுத்து விழா. மொய் எழுதத் தொடங்கும் முன் மைக்கில் சொன்னேன். தவசியப்பன் வழியில் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது, அவர் அப்பாவின் கண் பனங்கருக்கில் போனது, பரம்பரை என்று பரப்பியது நான் சொன்ன பொய், பிள்ளையின் கண் கெட்டதும் என்னால்தான் என்று. பந்தலே சிரித்தது. சேவுகன் இன்றைக்குப் புதுச்சரக்கு இறக்கியிருக்கிறான் என்றார்கள். இன்னொரு முறை சொன்னேன். இன்னும் சிரித்தார்கள்.

டாக்டர் கொடுத்த சான்றிதழைக் காட்டித்தான் மச்சானுக்கு வேன் சவாரி திரும்பக் கிடைத்தது. அவர் என்னோடு பேசுவதில்லை. சண்டையும் இல்லை. நான் வந்தால் எழுந்து போய் வேனைத் துடைக்கிறார். இவ்வளவு சுத்தமான வேன் இந்த ஜில்லாவில் கிடையாது.

கயல் என்னை மன்னித்துவிட்டாள் போலத் தெரிகிறது. சுவரேறி வந்து கேட்டாள்: “கண்ணு நல்லாயிருச்சுன்னா அப்பா ஒங்கூடப் பேசிருவாருல்ல?”

பேசிவிடுவார் என்றேன்.

பிப்ரவரி 18, புதன்

கண் பரிசோதனை. அக்கா என்னையும் வரச் சொன்னாள். வேனில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் கயல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ட, ப, ம, ய. ர, ண, க, வ. பள்ளிப் பாடம் என்று விட்டுவிட்டேன்.

இருட்டறை. எதிரே ஒவ்வொரு தடவையும் காட்டுகிற அதே விளக்கெரியும் எழுத்துப் பலகை, மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்து. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் படி என்றார் நர்ஸ். கயல் படித்தாள். ஒரு தடங்கல் இல்லை. எனக்கே மங்கலாகத் தெரிந்த கடைசி வரியைக்கூடக் கணீரென்று சொன்னாள். ர, ண, க, வ.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சான் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அவர் என் பக்கம்கூடத் திரும்பினார். வாய் திறந்து ஏதோ சொல்லப் போனார், அது சத்தியம். டாக்டர் பிரமாதம் என்றார். வீக்கம் அடங்கிவிட்டது போலிருக்கிறது, சொட்டு மருந்தைக் குறைத்துவிடலாம் என்று பேனாவை எடுத்தார்.

கயல் நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

சும்மா இருந்திருந்தால் எல்லாம் நேராகியிருக்கும். அக்கா சிரித்திருப்பாள். மச்சான் பேசியிருப்பார்.

“டாக்டர், பலகைய மாத்துங்க. புள்ள மனப்பாடம் பண்ணியிருக்கு.”

நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்தினார். வேறு எழுத்துகள் வந்தன. கயல் முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவது வரியில் ஒன்றைச் சொன்னாள், தப்பு. அதற்குக் கீழே ஒன்றும் சொல்லவில்லை. மூடியிருந்த கையை யாரும் எடுக்கச் சொல்லாமலே எடுத்துவிட்டு, மடியைப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் மறுபடி மிஷினில் பார்த்தார். உள்ளே பின்பக்கம் வீக்கம் இன்னும் இருக்கிறது, மருந்தைக் குறைத்திருந்தால் திரும்பவும் முற்றியிருக்கும் என்றார். மருந்து கூட்டினார். பார்வை எவ்வளவு திரும்பும் என்று அக்கா கேட்டதற்கு, கொஞ்சம் திரும்பும், எல்லாம் என்று சொல்ல மாட்டேன் என்றார்.

வெளியே வந்தோம். கயலிடம் கையை நீட்டினேன். கோள்மூட்டி என்றாள். அதை மெல்லத்தான் சொன்னாள். முன்சீட்டில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவும் ஏறினாள். நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வேன் கிளம்பவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

“ஏறு மாப்ள” என்றார் மச்சான்.

கடைசி வரிசையில், டியூப் இல்லாமல், ஊர்வரைக்கும் உட்கார்ந்து வந்தேன். வலித்தது. எவ்வளவு என்றால், வலித்தது.